உரைகல்லும் தைலப் போத்தலும்

மலேசியாவின் பூச்சோங்கில் ஒரு தமிழர் வீட்டில் மருந்துப் பெட்டி தனியாக இல்லாமல் இருக்கலாம். தைலப் போத்தல் இல்லாமல் இருக்காது. தலைவலிக்கு நெற்றியில், சளிக்கு மார்பில், வயிற்று உப்புசத்துக்குத் தொப்புளைச் சுற்றி என்று அது கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். அண்மைக் காலத்தில் அதன் பக்கத்தில் லாவெண்டர், பெப்பர்மிண்ட், டீ ட்ரீ என்று பெயர் எழுதிய சிறு போத்தல்களும், அவற்றை ஆவியாக்கி அறையில் பரப்பும் மின்கருவியும் வந்து உட்கார்ந்துவிட்டன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நிலைமை இதுவே. இரண்டுக்கும் வீடுகளில் சொல்லப்படும் சமாதானம் ஒன்றுதான்: இது இயற்கையானது, பாட்டி காலத்திலிருந்து வருவது, ஒன்றும் செய்யாது. இந்தப் பொருள்களின் வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. தடவுவதும் ஆவி பிடிப்பதும் பழைய வழக்கங்கள். போத்தலுக்குள் இருக்கும் பொருள் புதியது. பழைய வழக்கத்துக்குள் ஓர் அளவுக் கட்டுப்பாடு பொதிந்திருந்தது. பொருள் மாறியபோது வழக்கம் மட்டும் தொடர்ந்தது, அந்தக் கட்டுப்பாடு வழியில் நின்றுவிட்டது. இன்று வீடுகளில் தைலத்தால் நேரும் ஆபத்துகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் முடிவு.

பழைய முறையை முதலில் நெருங்கிப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கும் வீட்டில் ஒரு சிறு உரைகல் இருக்கும். வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு அந்தக் கல்லில் இழைப்பார்கள். இதற்கு இரண்டு உரை, அதற்கு ஒரு உரை என்று கணக்கு உண்டு. குழந்தை வளர வளர உரை கூடும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பை விளக்கில் சுட்டு, கரியாக்கிய பிறகே இழைப்பவர்கள் பலர். இதே வசம்பின் வேரிலிருந்து வடித்த எண்ணெயை உணவில் சேர்ப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1968-ல் தடை செய்தது. அதிலுள்ள ஆசரோன் என்ற பொருள் சோதனை எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதே காரணம். ஒரே செடிதான். கல்லில் இரண்டு முறை தேய்த்தால் ஒட்டுவது நெல்முனை அளவு. வடித்த எண்ணெயில் ஒரு துளிக்குள் அடங்கியிருப்பது எத்தனையோ வேர்களின் சத்து. உரைகல் தானே ஓர் அளவுகோலாக இருந்தது. கைதவறினாலும் அதில் பெரிய அளவு வராது.

காய்ச்சிய எண்ணெய்களின் கதையும் அப்படித்தான். நொச்சி, ஓமம், மிளகு, வெற்றிலை என்று எதைப் போட்டாலும் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ போட்டுத்தான் காய்ச்சினார்கள். இலையில் ஆவியாகும் எண்ணெய் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அதிலும் ஒரு பகுதி காய்ச்சும்போதே அடுப்பங்கரையில் மணமாகப் பறந்துவிடும். மிஞ்சுவது ஒரு கிண்ணம் எண்ணெயில் கரைந்து கிடக்கும். வேது பிடிப்பதானாலும் ஒரு கை நொச்சி இலையும் ஒரு பானை தண்ணீரும்தான். ரப்பர்த் தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை ஒரு உவமையில் சொல்லிவிடலாம்: காய்ச்சிய எண்ணெய் கள் என்றால், நீராவியில் வடித்த நறுமண எண்ணெய் சம்சுச் சாராயம். இரண்டையும் ஒரே குவளையால் அளந்து குடிப்பவனுக்கு என்ன ஆகும் என்பதைச் சிலாங்கூர்த் தோட்டங்கள் நன்றாகவே கண்டிருக்கின்றன.

இனி, பாட்டி காலத்துப் பொருள் என்று நாம் நம்பும் நீலகிரித் தைலத்துக்கு வருவோம். யூகலிப்டஸ் நம் மண்ணின் மரம் அன்று; ஆஸ்திரேலியாவின் மரம். நீலகிரிக்கு அதை 1843-ல் கொண்டுவந்தவர் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. உதகையின் சோலைகள் விறகுக்காக வெட்டப்பட்டுத் தீர்ந்துகொண்டிருந்ததால், வேகமாக வளரும் மரம் தேவைப்பட்டது. மருந்துக்காக நட்டதன்று, அடுப்புக்காக நட்டது. அதன் இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் தொழிலை 1850களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக் கடைக்காரர் தொடங்கினார். தாவரவியலாளர் பெர்டினாண்ட் வான் முல்லர் அவருக்கு ஊக்கம் தந்தார். நீலகிரி மலையில் செப்புப் பானை வைத்து வடிப்பது அதற்குப் பின் வந்தது. சித்த மருத்துவத்தின் பழைய ஏடுகள் எழுதப்பட்ட காலத்தில் இந்த மரத்தைத் தமிழர் எவரும் பார்த்திருக்கவே முடியாது. நூறு கிலோ இலையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கிறது. அப்படியானால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்பது ஏறத்தாழ கால் கிலோ முதல் அரைக் கிலோ வரையிலான இலைக்குச் சமம். நொச்சி இலையைப் பானையில் போட்ட அதே கை, அதே எண்ணத்தோடு இதை வெந்நீரில் ஊற்றும்போது என்ன நடக்கிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கற்பூரத்தின் வரலாறு இன்னும் சிக்கலானது, நம் மக்களோடு இன்னும் நெருக்கமானது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கத்து லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே இருந்ததை அது காட்டுகிறது. பாருஸ் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். அந்தக் கற்பூரம் காபூர் என்று மலாயில் அழைக்கப்படும் பெருமரத்தின் உள்ளே படிகமாக உறைந்து கிடப்பது. அதே மரம் கோலாலம்பூருக்கு வடக்கே கஞ்சிங் காட்டில் வளர்கிறது. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் அண்ணாந்து பார்த்தால் ஒன்றன் முடி ஒன்றைத் தொடாமல் விலகி நிற்கும் மரங்களும் அவைதான். பல மரங்களை வெட்டினால் சிலவற்றில்தான் படிகம் கிடைக்கும் என்பதால் அது பொன்விலை விற்றது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் மருந்துக்கும் சிட்டிகைக் கணக்கில் போனது. வேதியியலின்படி அது போர்னியோல். இன்று பூசைத் தட்டில் எரியும் கற்பூரம் வேறு. கிழக்காசிய மரமான சின்னமோமம் கம்போராவிலிருந்து எடுக்கப்பட்ட கற்பூரத்தை, தைவானைக் கைப்பற்றிய ஜப்பான் 1899-ல் அரசாங்க ஏகபோகமாக்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பென்டைனிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். விலை விழுந்தது. சிட்டிகைக்குக் கிடைத்த பொருள், கட்டி கட்டியாக மளிகைக் கடையில் கிடைத்தது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் பிள்ளையின் மார்பில் பூசும் வழக்கம் அந்த மலிவால்தான் வீடுதோறும் பரவியிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். பாட்டிகள் செய்ததெல்லாம் பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. கற்பூர எண்ணெய், அளவுக் காப்பு ஏற்கெனவே உடைந்துபோன வழக்கம்.

போத்தலும் டப்பாவும் இந்த இடத்தில் வருகின்றன. 1893-ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். 1914-ல் அது சென்னைக்கு வந்தது. ரங்கூனில் இருந்த ஆவ் சகோதரர்கள் 1926-ல் சிங்கப்பூருக்கு மாறி, புலித் தைலத்தை அங்கிருந்து உலகுக்கு அனுப்பினார்கள். 1928-ல் அதே சிங்கப்பூரில் லியுங் யுன் சீ என்பவர், ஷ்மைட்லர் என்ற ஜெர்மானிய மருத்துவர் தந்த கலவையைக் கொண்டு கோடாலிச் சின்னத் தைலத்தை உருவாக்கினார். கோடாலித் தைலம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை அறியப்பட்ட பச்சைத் தைலம் அதுதான். ஊருக்குக் கப்பல் ஏறிய மலாயாத் தமிழரின் பெட்டியில் அது இல்லாமல் போவது அபூர்வம். இந்தக் கலவையில் சேர்ந்தவற்றைப் பாருங்கள். மெந்தால், அக்காலத்தில் பெரும்பாலும் ஜப்பானியப் புதினாவிலிருந்து வந்தது. யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவின் கொடை. கற்பூரம் தைவானிலிருந்தோ ஆலையிலிருந்தோ. மெத்தில் சாலிசிலேட் ஆலையில் செய்யப்படுவது. ஜெர்மானிய மருந்தறிவும் சீன வணிகமும் பிரிட்டிஷ் துறைமுகமும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. அதில் குறை ஒன்றுமில்லை. வலிக்கு அது இதம் தரும் என்பதும் உண்மை. ஆனால் பாட்டி வைத்தியத்தின் நேர்வாரிசு என்று அதற்குப் பட்டம் கட்டுவது தவறு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தைலம் அவ்வளவு வேகமாக வேரூன்றியதற்குக் காரணம் ரப்பர்த் தோட்டம். 1901-ல் மால்கம் வாட்சன் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்றபோது மலேரியா ஊரையே தின்றுகொண்டிருந்தது. சதுப்பை வடித்து அவர் அதை ஒடுக்கினார். பின்னர்த் தோட்டங்களில் மருத்துவமனைகள் வந்தன, டிரெஸர் என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர்களும் வந்தார்கள். ஆனால் டிரெஸரின் கவனம் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும்தான். விடியும் முன் ஈரக் காட்டில் பால்மரம் சீவியவளின் இடுப்பு வலிக்கும், வாளி சுமந்த தோள் கடுப்புக்கும், சளி பிடித்த பிள்ளைக்கும் விடுப்பும் கிடையாது, மருந்தும் கிடையாது. தோட்டத்தில் உரைகல் வைத்து இழைக்க வேண்டிய பாட்டி பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்டாள். நொச்சியும் ஆடாதோடையும் ஊரைப்போல வேலியோரத்தில் கிடைக்கவில்லை. தாய் காட்டுக்குப் போக, பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருந்தது. மூலிகை தேடவும் காய்ச்சவும் நேரமில்லாத அந்த வாழ்க்கையில், கடன் கணக்கில் சீனர் கடையில் வாங்கிய சிறு போத்தல் உதவியது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். சில்லறை எண்ணிச் செலவழித்தவர்கள் அதைத் துளித்துளியாகத்தான் பயன்படுத்தினார்கள். விலையே அங்கு ஓர் உரைகல்லாக வேலை செய்தது.

இன்றைய பூச்சோங்கில் அந்தக் காப்பும் இல்லை. கின்ராரா, காசல்பீல்ட் என்ற தோட்டப் பெயர்கள் இப்போது நகரியங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் மிஞ்சியிருக்கின்றன. 1990களில் பேரங்காடியும் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையும் வந்தன. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அடுக்குமாடிக்குக் குடியேறினார்கள். லயத்து வீடு பலகைச் சுவர், கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. அங்கே தைல வாடை கால்மணியில் கலைந்துவிடும். குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் சன்னல் திறப்பதே இல்லை. அந்த மூடிய அறையில் மின்கருவி இரவெல்லாம் யூகலிப்டஸோ பெப்பர்மிண்டோ ஆவியாக்கிக்கொண்டிருக்க, தொட்டிலில் கைக்குழந்தை தூங்குகிறது. லயத்தில் ஒருபோதும் இருந்திராத நிலைமை இது. நேரடி விற்பனையில் வரும் எண்ணெய்களோ கலவையே இல்லாதவை, கோடாலித் தைலத்தைவிடச் செறிவானவை. சுத்தமானது என்பது அவற்றின் விளம்பரம். தைலம் போன்ற பொருளில் சுத்தம் என்றால் வீரியம் என்று பொருள்.

தீங்குக்குச் சான்று என்ன என்று கேட்பது நியாயம். மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் 1981 முதல் 1992 வரை யூகலிப்டஸ் எண்ணெய் விழுங்கிச் சேர்க்கப்பட்ட 109 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1995-ல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நச்சின் அறிகுறிகள் இருந்தன; சிலர் நினைவிழந்தனர். பெரும்பாலோர் ஆவிக் கருவிக்காக வீட்டில் வைத்திருந்த திரவத்தைக் குடித்தவர்கள். கற்பூரத்தைப் பொறுத்தவரை, நூற்றுக்கு இருபது பங்கு கற்பூரம் கரைந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி என்றால் ஒரு கிராம் கற்பூரம். அந்த அளவே நடை பழகும் பிள்ளையைக் கொன்றிருக்கிறது. அமெரிக்கா அந்த எண்ணெயை 1980களின் தொடக்கத்தில் சந்தையிலிருந்து நீக்கி, பிற தயாரிப்புகளில் கற்பூரத்துக்கு 11 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. கலப்பில்லாத மெத்தில் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளின் சாலிசிலேட் இருக்கிறது. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள சிசுவுக்கு அந்துருண்டையின் நாப்தலீன் இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும்; மெந்தால் கலந்த பூச்சுகளும் அப்படிப்பட்ட சிசுக்களுக்கு ஆபத்தானவை என்று நைஜீரிய மருத்துவர்கள் 1980-ல் எழுதினார்கள். மலேசிய மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்தக் குறைபாட்டைச் சோதிப்பதும், தைலத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். பிரசவ வார்டில் கேட்ட இந்த எச்சரிக்கை, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரின் காதுக்கும் போய்ச் சேர வேண்டும்.

இதெல்லாம் மேல்நாட்டு மருத்துவர்களுக்கு நம் வழக்கங்கள் மீதுள்ள ஐயம் என்று ஒரு மறுப்பு எழும். அந்த ஐயம் காலனி ஆட்சியில் உண்மையாகவே இருந்தது. நாட்டு மருத்துவர்களை அது அவமதித்ததும் உண்மை. ஆனால் இங்கே முக்கியமான சான்று நம் பக்கத்திலிருந்தே வருகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள், யூகலிப்டஸ் எண்ணெய் விட்டு ஆவி பிடித்தபின் வலிப்பு கண்ட பத்துப் பேரைப் பற்றி 2017-ல் எழுதினார்கள். தொடர்ந்து தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் நடந்த ஆய்வில், வலிப்போடு வந்த 350 பெரியவர்களில் 55 பேருக்கு யூகலிப்டஸோ கற்பூரமோ கலந்த தயாரிப்புகளோடு தொடர்பு தெரிந்தது. தடவியதற்குப் பின் வலிப்பு வந்தது என்பதாலேயே தடவியதால் வந்தது என்று ஆகிவிடாது. ஆயினும் இந்த இரண்டு பொருள்களும் வலிப்பைத் தூண்டும் தன்மையுள்ளவை என்பது பழைய செய்தி. இந்த மருத்துவர்கள் செய்தது, நோயாளியிடம் இதுவரை எவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டதுதான். எந்தத் தைலம் தடவினீர்கள் என்று கேட்கப்படாத இடத்தில் தைலம் ஒருநாளும் குற்றவாளியாகாது.

நூறு வருடமாகத் தடவுகிறோமே, எங்கள் வீட்டில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான பெரியவர் நெற்றியிலும் முழங்காலிலும் சிறிது தைலம் தடவுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது முழு உண்மை. அதை விடச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. வலிப்பு நோய் உள்ளவர், ஆஸ்துமா உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஆகியோரின் கணக்கு வேறு. வார்ஃபரின் எடுப்பவர் மெத்தில் சாலிசிலேட் தைலத்தை நாள்தோறும் தாராளமாகப் பூசினால் இரத்தக் கசிவு நேரலாம். தோல் வழியாக உள்ளே போகும் பொருள் அது. ஒரு வீட்டின் அனுபவத்தில் அரிய விபத்து தென்படாது. மருத்துவமனையின் பதிவேட்டில்தான் தென்படும். அதிலும் தடவும் வழக்கத்துக்கு நூறு வயது என்றாலும், மூடிய அறையில் இரவு முழுவதும் செறிவான எண்ணெயை ஆவியாக்கும் வழக்கம் நம் வீடுகளுக்கு அண்மையில் வந்தது. முன்னதன் நற்பெயரைப் பின்னதற்குக் கொடுக்க முடியாது.

மலேசியாவில் சட்டம் சும்மா இருக்கவில்லை. 1984-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி 1985-ல் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. 1992 முதல் பாரம்பரிய மருந்துகளும் பதிவு செய்யப்படுகின்றன. போத்தலில் மால் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் இருந்தால் அது பதிவு பெற்றது. கற்பூரம் சேர்ந்த தயாரிப்புகளின் உறையில் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது என்றும், சிசுவின் மூக்குத் துளையில் சிறிதளவு வைத்தாலும் உடனே உயிராபத்து நேரலாம் என்றும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவப் பயன் எதுவும் சொல்லாமல் வெறும் வாசனைப் பொருளாக விற்கப்படும் எண்ணெய்கள் இந்த மருந்துப் பதிவுக்குள் வருவதில்லை. விற்பவர் வாய்மொழியாக எல்லா நோய்க்கும் தீர்வு சொல்வதை உறை காட்டாது. 2014-ல் இப்படிப்பட்ட நோய் தீர்க்கும் வாக்குறுதிகளுக்காக அமெரிக்காவின் பெரிய நறுமண எண்ணெய் நிறுவனங்கள் இரண்டுக்கு அந்நாட்டு அரசு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த வாக்குறுதிகளில் எபோலாவும் அடக்கம்.

ஆனால் உறையின் எச்சரிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ, எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி வளர்ப்பவருக்கு, அது எட்டவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் தைலம் விற்கும் தமிழ்க் கடைகள் ஒரு துண்டுத் தாளில் தமிழில் இதை அச்சிட்டுப் போத்தலோடு கொடுக்கலாம். எழுத வேண்டியவை அதிகமில்லை. இரண்டு வயதுக்குள் தடவ வேண்டாம், எந்த வயதுக் குழந்தையின் மூக்கிலும் வைக்க வேண்டாம். வடித்த எண்ணெயைத் தோலில் பூசுவதானால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு துளிக்கு மேல் வேண்டாம், குடிக்கவே வேண்டாம். ஆவிக் கருவியை அரைமணி ஓடவிட்டு நிறுத்தி, சன்னலைத் திறக்கவும். பூனை வளர்க்கும் வீட்டில் அதைத் தவிர்க்கவும், ஏனெனில் பூனையின் ஈரலால் இவற்றைச் சரியாகச் சிதைக்க இயலாது. சாமி மேடைக் கற்பூரமும் தைலமும் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போகும், வலிப்பு சில நிமிடங்களிலேயே வரக்கூடும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொலைபேசியில் வழி சொல்கிறது. மருத்துவமனைக்கு ஓடும்போது போத்தலையும் கையோடு எடுத்துப் போகவும். சாலிசிலேட்டுக்கு ஒரு சிகிச்சை, கற்பூரத்துக்கு வேறொன்று. எது உள்ளே போனது என்பதை மருத்துவர் அந்த உறையைப் படித்தால்தான் உடனே தெரிந்துகொள்ள முடியும்.